செக்ரோல் வயது

கொழும்புக் கோட்டையில் ஓர் ஆயுள் காப்புறுதிக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து விகிதப் புத்தகத்தைப் பிரதி பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் சோலைமலை அந்த வரியைப் பார்த்தான். அது 1959ஆம் ஆண்டு. வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

எந்தத் தொழில் செய்பவருக்கு எவ்வளவு கட்டணம் என்று சொல்லும் புத்தகம் அது. எழுதுவினைஞருக்குச் சாதாரணக் கட்டணம். லொறி ஓட்டுபவருக்குக் கொஞ்சம் கூட. இரத்தினக்கல் குழியில் இறங்குபவருக்கு இன்னும் கூட. தென்னந்தோப்பில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிற்றின் மேல் நடந்துபோய்க் கள் இறக்குகிற மனிதருக்கும்கூட ஓர் எண் இருந்தது. அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'தோட்டத் தொழிலாளர்: ஏற்பதில்லை.'

எண்ணே இல்லை. சோலைமலை பேனாவைக் கீழே வைத்தான்.

பொகவந்தலாவைக்கு மேலே, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில், காம்பரா என்கிற ஒரே ஒரு அறையில் பிறந்து வளர்ந்தவன் அவன். அப்பா ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா வீரம்மா கொழுந்து எடுக்கிறவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு எல்லாரும் நின்றுவிட, இவன் மட்டும் ஹற்றனுக்கு நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் படித்தான். கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொழும்பில் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கணிதத்தில் சிறப்புப் பட்டம் வாங்கினான். கல்லுமலையில் அதற்கு முன் யாரும் பல்கலைக்கழக வாசலைக் கண்டதில்லை. எட்டு லயத்தாரும் சேர்ந்து அவனுக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தார்கள். அது ஒரு அளவு சிறிதாக இருந்தது. இரண்டு வருஷம் காலைக் கடிக்கக் கடிக்கப் போட்டான்.

கடைசி வருஷத்தில்தான் ஆயுள் அட்டவணை என்ற ஒன்றை அவன் முதலில் பார்த்தான். ஒரே ஆண்டில் பிறந்த ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள். அடுத்த வருஷம் அவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அதற்கடுத்த வருஷம்? இப்படியே கடைசி ஆள் வரை ஒரு நிரல். எந்த மனிதன் எப்போது சாவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். அதை வைத்துத்தான் காப்புறுதிக் கட்டணம், ஓய்வூதியம், விதவைகள் நிதி எல்லாம். அந்தக் கணக்கைச் செய்து கையொப்பம் இடுகிறவருக்கு ஆக்சுவரி என்று பெயர். அந்தப் பெயர் கிடைக்க வேண்டுமானால் பட்டம் மட்டும் போதாது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, லண்டனிலிருந்து தபாலில் வரும் பாடங்களைப் படித்து, பரீட்சை மேல் பரீட்சையாக ஏழெட்டு வருஷம் எழுத வேண்டும். இலங்கையில் அப்படி முடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சோலைமலை அந்த விரல்களில் ஒன்றாக வேண்டும் என்று முடிவு செய்தான். அதற்காகத்தான் பள்ளிக்கூட வாத்தியார் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று இந்த மூன்றாம் மாடிக்கு வந்தான்.

வந்த இடத்தில் இந்த வரி.

பக்கத்து மேசையில் தம்பிராசா இருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. வேலைக்கும் ஒன்றாகச் சேர்ந்தவன். சோலைமலை புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினான்.

"இதப் பாரு."

தம்பிராசா பார்த்தான். "ஓ. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? கள்ளு எறக்குறவனுக்கு நம்பர் இருக்கு. எங்கப்பாவுக்கு இல்லையே."

"மச்சான், கொப்பர் பொலிசி எடுக்கப் போறாரே? இல்லைத்தானே. பிறகேன் துள்ளுறாய்?"

"எடுக்குறாரோ இல்லையோ. எத்தன பேரு சாகுறாங்கன்னு எண்ணிப் பாத்துட்டு 'ஏற்பதில்லை'ன்னு எழுதுனா சரி. எண்ணியிருக்காங்களா?"

"அதை என்னட்டைக் கேட்டால்? உள்ளுக்கை போய்க் கேள். வேலை போனால் என்னைச் சொல்லாதை."

உள்ளே இருந்தவர் லோரிமர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். கம்பெனியின் ஆக்சுவரி. குறைவாகப் பேசுகிறவர். சோலைமலை கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வரி எனக்கு முன்பிருந்தே இருக்கிறது. அதன் பின்னால் கணக்கு எதுவும் இல்லை. தரவு இல்லாததால் ஏற்பதில்லை."

"தரவு கொண்டுவந்தால்?"

"கொண்டுவந்தால் பார்க்கலாம்" என்றார் லோரிமர். பிறகு, இவனைப் போகச் சொல்வதற்காகச் சொன்னாரோ, உண்மையாகத்தான் சொன்னாரோ, "நல்ல அட்டவணையாக இருந்தால் அந்த வரியை நானே வெட்டுவேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பி சோலைமலை இரண்டு வருஷ லீவையும் கொட்டினான்.

முதல் லீவு 1960 சித்திரையில். தோட்டத்து ஆபீசில், வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரான கண்டாக்கு சிவசாமியைப் பார்த்து, கெஞ்சி, மரணப் பதிவுப் புத்தகத்தையும் செக்ரோலையும் வாங்கி உட்கார்ந்தான். செக்ரோல் என்பது வேலைக்காரர்களின் பேர்ப் புத்தகம். காலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிட்டு, வந்தவருக்கு அதில் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வயதும் இருக்கும். இருபத்தைந்து வருஷத்து மரணங்களை அவன் வயதுவாரியாகப் பிரித்தான். ஆறு நாள் ஆனது.

ஏழாம் நாள் நிரலைக் கூட்டிப் பார்த்தான். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் அவன் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தார்கள். அறுபது வயதில் செத்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. லோரிமரின் புத்தகம் சொல்வது சரிதான் போலிருந்தது. அவனே தன் கையால் அந்த வரிக்குச் சாட்சி தேடிக் கொடுத்துவிட்டான்.

நிரலை மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு வரும்போது அவன் தாத்தாவின் பெயர் வந்தது. 1956இல் இறந்தவர். வயது ஐம்பத்துநான்கு என்று இருந்தது. சோலைமலை அந்த வரியில் விரலை வைத்தான். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் தகரப் பெட்டிக்குள் மெழுகுத் துணியில் சுற்றி இருக்கிறது. அவர் பிறந்தது 1912. அப்படியானால் அப்பா பிறந்தபோது தாத்தாவுக்கு வயது பத்து.

அவன் நேரே பீலிக்கரைக்கு இறங்கினான். அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராக்காயி என்ற கிழவி துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தாத்தா சாகறப்ப அவருக்கு என்ன வயசு?"

"எழுவது இருக்கும். கூடக் கொறைய."

"புத்தகத்துல அம்பத்துநாலுன்னு இருக்கே."

ஆண்டியப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "அது செக்ரோல் வயசுடா. அதப் போயி யாரு பாப்பா?"

"செக்ரோல் வயசுன்னா?"

ராக்காயி துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அட என்னா தம்பி, கொழும்புல படிச்சும் இது தெரியாதா? தோட்டத்த நடத்துற தொர மாறுனா புது செக்ரோல் எழுதுவாங்கல்ல. கங்காணி வந்து வயசு கேப்பாரு. அம்பத்தஞ்சு ஆச்சுன்னா பேர வெட்டிருவாங்க. அதுனால ஒரு தொர போயி ஒரு தொர வந்தா எல்லாருக்கும் அஞ்சு வயசு கொறையும். நான் நாலு தொர பாத்துட்டேன். இன்னம் ரெண்டு தொர வந்தா கொமரியாயிருவேன். அப்ப ஒனக்கே என்னயக் கட்டி வைக்கச் சொல்றேன்."

பீலிக்கரையே சிரித்தது. சோலைமலை சிரிக்கவில்லை.

"சின்ன வயசுல இதுக்குத் தலைகீழ்" என்றார் அப்பா. "எனக்கு ஒம்பது வயசுல பேர் பதிஞ்சாங்க. பன்னண்டுன்னு சொன்னாத்தான் மலை வேலைக்கு எடுப்பாங்க. அதுனால பன்னண்டுன்னாங்க. பெரிசானதும் கொறைச்சுக்கிட்டே வந்தோம். இப்ப எனக்கு அதுல நாப்பத்தொண்ணு."

"நெசத்துல நாப்பத்தெட்டு."

"இருந்துட்டுப் போகட்டும். கவ்வாத்துக் கத்தி வயசு கேக்குதா?"

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தபோது சோலைமலைக்கு எல்லாம் விளங்கியது. அறுபத்தெட்டில் செத்த கிழவனை ஐம்பத்துநான்கில் செத்தவன் என்று எழுதினால், கிழவர்களின் சாவெல்லாம் நடுவயதுக்காரர்களின் தலையில் விழும். சனங்கள் அதற்குள் செத்துவிடவில்லை. வேலை போய்விடக்கூடாது என்று சொன்ன பொய்தான் அட்டவணையில் அவர்களைச் சீக்கிரம் சாகடித்தது. பொய் சொல்ல வைத்தவர்கள் யார்? ஐம்பத்தைந்தில் ஒரு காசு ஓய்வூதியம் இல்லாமல் பேரை வெட்டுகிறவர்கள். அந்தப் பொய்யை எழுதிக்கொண்டவர்கள் யார்? அவர்களேதான். நரைத்த தலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நாற்பது என்று எழுதினார்கள். நாற்பது என்றால் முழு வேலை வாங்கலாமல்லவா? இத்தனையும் செய்துவிட்டு, இந்தச் சனங்கள் காப்புறுதிக்கு லாயக்கில்லை என்று புத்தகம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அவன் வயதைத் திருத்த வந்தான். காம்பராக் காம்பராவாக ஏறி இறங்கினான். வருஷம் கேட்டால் யாருக்கும் தெரியாது. எனவே மலேரியாக் காய்ச்சல் பரவிய வருஷத்தில் நீ நடந்தாயா, தவழ்ந்தாயா என்று கேட்டான். 1947 பெருவெள்ளத்தில் ரோடு சரிந்தபோது உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். முதல் பிள்ளை பிறந்தபோது எந்தத் துரை இருந்தார் என்று கேட்டான். துரைமார் வந்துபோன தேதி ஆபீசில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் மூன்று அடையாளம் பொருந்தினால்தான் வயதை எழுதினான். செத்தவர்களின் வயதை அவர்கள் பிள்ளைகளிடம் இதே மாதிரி கேட்டுத் திருத்தினான். கல்லுமலை முடிந்ததும் பக்கத்துத் தோட்டம். இரண்டு தோட்டத்திலும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி வயசு கேக்குறியே" என்று அம்மா வீரம்மா திட்டினாள். "ஒனக்கு எப்ப பொண்ணு பாக்குறது?"

"இது முடியட்டும்மா."

1961 நடுப்பகுதியில் அட்டவணை முடிந்தது. பதினைந்திலிருந்து அறுபது வரை, அந்த இரண்டு தோட்டத்துச் சனங்களும் கொழும்பு எழுதுவினைஞர்களைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகச் செத்தார்கள். லொறி ஓட்டுபவருக்குப் போடும் கூடுதல் கட்டணமே அவர்களுக்குப் போதும். ஆனால் அட்டவணையின் தலைப்பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது. பிறந்து ஒரு வயது முடிவதற்குள் செத்த குழந்தைகள். ஏழுக்கு ஒன்று. காப்புறுதிக்கு அந்த எண் தேவையில்லை. கைக்குழந்தைக்கு யார் பொலிசி விற்கிறார்கள்? ஆனாலும் சோலைமலை அதை முதல் வரியிலேயே எழுதினான். எழுதியபோது பேனா முனை தாளைக் கிழித்தது. வேறு தாள் எடுத்து மறுபடி எழுதினான்.

லோரிமர் இரண்டு கிழமை வைத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் கேள்வி போட்டார். மூன்றுக்கும் விடை இருந்தது. பிறகு அவனைக் கூப்பிட்டு, "இது சரியான வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் வரி வெட்டப்படவில்லை. அதற்குள் சட்டம் வந்துவிட்டது. 1962 தொடக்கம் புதிய ஆயுள் காப்புறுதி எல்லாம் அரசாங்கத்துக்கே. கம்பெனி தன் கடையைக் கட்டத் தொடங்கியது. "புதிய இடத்துக்கு விண்ணப்பம் போடு" என்று லோரிமர் நல்ல கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். சோலைமலைக்கு அது பெரிய நட்டமாகத் தோன்றவில்லை. நாட்டுக்கே ஒரே விகிதப் புத்தகம் என்றால் இன்னும் நல்லது. ஒரு வரியை வெட்டினால் நாடு முழுக்க வெட்டினதாகும். உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே போவதற்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

தோட்டத்துச் சனங்களை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி அந்த உரிமையை மறுத்திருந்தார்கள். ஆனாலும் அவன் பயப்படவில்லை. 1948 சட்டப்படி, தகப்பன் இந்த நாட்டில் பிறந்திருந்தால் பிள்ளை பிரஜை. அப்பாவின் சான்றிதழ்தான் இருக்கிறதே. அந்தச் சான்றிதழில் உள்ளவர் இவர்தான் என்று தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கண்டாக்கு சிவசாமி, பாவம், உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். பழைய செக்ரோலில் உள்ளதையும் புதிய செக்ரோலில் உள்ளதையும்.

விசாரணை நுவரெலியாவில் நடந்தது. ஆண்டியப்பன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி மூன்று தாளை வரிசையாக மேசையில் வைத்தார். மொழிபெயர்க்க ஓர் ஆள் பக்கத்தில் நின்றார்.

"இந்தச் சான்றிதழில் உள்ளவர் 1912இல் பிறந்தார். பழைய செக்ரோலில் உள்ளவர் 1909இல் பிறந்தார். புதிய செக்ரோலில் உள்ளவர் 1919இல் பிறந்தார். மூன்று ஆண்டியப்பன். இதில் நீ யார்?"

"மூணும் நாந்தாங்க."

"எந்த வருஷம் பிறந்தாய்?"

"எங்காயி என்னயப் பெத்த வருசங்க" என்றார் ஆண்டியப்பன். கேலி பண்ணவில்லை. பதற்றத்தில் அதுதான் வந்தது. மொழிபெயர்ப்பவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

சோலைமலை எழுந்து செக்ரோல் வயது என்றால் என்னவென்று விளக்கினான். தன் கோப்பைத் திறந்து, அப்பாவின் வயதைத் திருத்திய பக்கத்தைக் காட்டினான். மூன்று அடையாளம், மூன்று துரைமாரின் தேதி, எல்லாம் பொருந்தி 1912 என்று முடிகிற பக்கம்.

"இதை யார் எழுதியது?"

"நான்."

"உன் தகப்பனின் வயதை நீயே எழுதி, அதற்கு நீயே சாட்சியா?"

"இரண்டாயிரம் பேருக்கு இப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒரு ஆக்சுவரி இதைச் சரிபார்த்துக் கடிதம் கொடுத்திருக்கிறார். செக்ரோலையும் யாரோ ஒருவர்தான் எழுதினார். அவரிடம் யார் சாட்சி கேட்டார்கள்?"

அதிகாரி தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "தோட்டத்துக்குப் பொய் சொன்னதாக உன் தகப்பனே ஒப்புக்கொள்கிறார். இங்கே மட்டும் உண்மை சொல்கிறார் என்று நான் எப்படி நம்புவது?"

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான்.

ஆண்டியப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "என் வாயாலதானே கெட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோலைமலைக்கு அதுதான் தாங்கவில்லை. ஒன்பது வயதில் மலைக்கு அனுப்பப்பட்ட ஒரு குழந்தை, தன் பெயரில் யாரோ சொன்ன பொய்க்கு ஐம்பது வயதில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. அனுப்பியவர்கள் யாரும் குனியவில்லை.

"நீ ஒண்ணும் கெடுக்கலப்பா. சாப்புடு" என்றான். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவான் என்று வெளியே போனான்.

தம்பிராசாவுக்கு அரசாங்கத்தின் புதிய காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1963இல் அவன் ஹற்றனுக்கு வந்தான். சோலைமலை அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இருவரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

"மச்சான், விகிதப் புத்தகம் புதிசா எழுதீனம். அந்த வரி இன்னும் கிடக்கு. உன்ரை அட்டவணையைத் தா. நான் குடுக்கிறன்."

"யாரு பேர்ல?"

தம்பிராசா கோப்பையைச் சுற்றினான். "வெளியாள் குடுத்தால் பாக்கமாட்டினம். உள்ளுக்கை இருக்கிறவன்ரை பேர் வேணும். என்ரை பேரைப் போடுறன். உனக்குத் தெரியும், நான் களவெடுக்கிற ஆள் இல்லை. வரி வெட்டுப்படவேணும் எண்டுதானே நீயும் நிண்டனி?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சோலைமலையை இன்னும் சுட்டது.

"தம்பிராசா, நீ களவாணி இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா ஒன் பேர் போட்டா இன்னொரு பொய்யாகும். ஏற்கனவே பொய் எழுதி எழுதித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கோம். எங்க சனத்தப் பத்தி ஒரு புத்தகத்துலயாச்சும் உள்ளது உள்ளபடி இருக்கணும்."

அன்று இரவோடிரவாக ஒரு பிரதி எழுதி, காலையில் முதல் பஸ்ஸுக்கு முன் தம்பிராசா கையில் கொடுத்தான். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'தயாரித்தவர்: ஆண்டியப்பன் மகன் சோலைமலை. கல்லுமலைத் தோட்டம். பிரஜை என்று ஏற்கப்படாதவர்.'

"இப்பிடி எழுதினால் ஒருத்தரும் தொடமாட்டினமடா."

"தொடாட்டி விடட்டும். யாரு தொடலன்னு நமக்குத் தெரியட்டும்."

தம்பிராசா அதை உள்ளபடியே கொடுத்தான். அந்த அளவுக்கு அவன் நல்லவன். எட்டு மாதம் சத்தமில்லை. பிறகு சோலைமலைக்கு ஒரு கடிதம் வந்தது. அட்டவணை கவனத்துக்குரியது. அதைத் தயாரித்த முறையை விளக்க, சொந்தச் செலவில் கொழும்புக்கு வரவும். வரும்போது பிரஜாவுரிமைச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவரவும்.

அவன் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு பதில் எழுதினான். சான்றிதழ் இல்லை, முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறேன். விளக்குவதற்கு நான் வரவேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் வாருங்கள். ஹற்றனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் இருக்கிறது. நீங்கள் ஏற்பதில்லை என்று எழுதியிருக்கும் சனங்கள் இங்கேதான் இருக்கிறார்கள். எந்தக் காம்பராவிலும் தட்டிக் கேளுங்கள், இப்போது உண்மை வயதைச் சொல்வார்கள்.

அதற்குப் பதில் வரவில்லை. 1964 கடைசியில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் தோட்டத்துச் சனங்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையொப்பம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே. மிச்சப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வார்களாம். ஒரு சனத்தைக் கொழுந்து நிறுப்பது போல நிறுத்துப் பங்கு போட்டார்கள். அந்தச் சனம் இன்ன வயதில் இத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது சோலைமலைக்கு வயது முப்பது. லண்டன் பரீட்சையில் இன்னும் மூன்று பாகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறான். இந்த முறை வயதுக்காக இல்லை. ஒரு வயதுக்குள் செத்த குழந்தைகளை எண்ணுகிறான். எந்த லயத்தில், எந்த மாதத்தில், என்ன காய்ச்சலில், தோட்டத்து மருந்துக்காரரைக் கூப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்று எழுதுகிறான்.

போன மாதம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வழியை மறித்தார்.

"யாரு ஒன்னய எண்ணச் சொன்னது? துரை ஆர்டரா? கவுருமெண்டு ஆர்டரா?"

"யாரும் சொல்லலீங்க."

"அப்ப எந்த அதிகாரத்துல எண்ணுற?"

"எண்றதுக்கு எனக்குப் பத்து வருசமாப் படிச்ச படிப்பு இருக்குங்க. நீங்க எண்ணாம விட்டதுக்கு எந்த அதிகாரம் இருந்துச்சுங்க?"

சோலைமலை அவரைச் சுற்றிக்கொண்டு நாலாம் நம்பர் லயத்துக்குள் போனான். அங்கே ஒரு பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள்.

"எழுதிக்கங்க தம்பி. ஆம்பளப் புள்ள. மாசி மாசம். நாப்பது நாள்."